நகராத நிலையத்துக்கு ஒரு வக்காலத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்களை வரிசைப்படுத்தி வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். விஞ்ஞானப் புனைகதைக்கு நம் பத்திரிகைகளில் அரைப்பக்கம் கிடைப்பதே பெரிய காரியம். முழுப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. வரிசையைத்தான் ஏற்க முடியவில்லை. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' முதலிடம், சரி, அதற்கு நியாயம் இருக்கிறது. 'டீப் ஸ்பேஸ் நைன்' எப்படிக் கடைசிக்குப் போனது? கட்டுரையாளர் ஒரே வரியில் காரணம் சொல்லி முடித்துவிடுகிறார்: கதை ஒரு விண்வெளி நிலையத்திலேயே நடப்பதால், அது கப்பல் எங்கும் போகாத ஸ்டார் ட்ரெக்காம். என்னைக் கேட்டால் அதை மேலே தூக்கி வைப்பதற்கே அதுதான் காரணம்.

1966இல் வந்த முதல் தொடரிலும் 1987இல் தொடங்கிய நெக்ஸ்ட் ஜெனரேஷனிலும் ஏறக்குறைய ஒரே வழக்கம்தான். கப்பல் ஒரு கிரகத்துக்கு வரும், அங்கே ஒரு சிக்கல் இருக்கும், கேப்டன் வாதாடியோ சண்டை போட்டோ தீர்த்துவைப்பார், அடுத்த கிழமை கப்பல் வேறெங்கோ நிற்கும். அவர் கொடுத்த தீர்ப்போடு அந்த மக்கள் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று பார்க்கப் பெரும்பாலும் யாரும் திரும்பி வருவதில்லை. 1993இல் வந்த டீப் ஸ்பேஸ் நைனில் அந்தச் சலுகை கிடையாது. கார்டாசியர்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தார் பஜோர் கிரகத்தை ஐம்பது வருடமளவில் பிடித்துவைத்திருந்துவிட்டுக் கைவிட்டுப் போன நிலையம் அது. பஜோர் மக்களை அடித்து வேலைவாங்கித் தாது பதப்படுத்திய அதே இடத்தில்தான் இப்போது கடையும் கோயிலும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. அடிமையாக இருந்தவர்களும் அவர்களுக்குப் பொலிஸ்காரனாக இருந்தவனும் ஒரே நடைபாதையில் முகம் பார்த்து நடக்க வேண்டும். நிலையத்தின் பொறுப்பாளர் கமாண்டர் சிஸ்கோ இன்றைக்கு ஒரு முடிவெடுத்தால் நாளைக்கும் அங்கேயேதான் எழும்ப வேண்டும்.

தொடர்களை ஒப்பிட வேண்டுமென்றால் நெக்ஸ்ட் ஜெனரேஷன், டீப் ஸ்பேஸ் நைன், 'வொயேஜர்' என்ற மூன்று தொடர்களுக்குள்ளும் ஓடும் ஒரே கதையை எடுத்துக்கொள்வது நல்லது. அப்படி ஒன்று இருக்கிறது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததுதான் என் பெரிய குறை. எல்லையில் கைவிடப்பட்டு ஆயுதம் தூக்கிய மாக்கீக்களின் கதையைச் சொல்கிறேன்.

1994இல் ஒளிபரப்பான நெக்ஸ்ட் ஜெனரேஷனின் கடைசி சீசனில் 'ஜேர்னிஸ் எண்ட்' என்ற பகுதி வருகிறது. மனிதர்களும் சேர்ந்திருக்கும் கிரகங்களின் கூட்டமைப்பும் கார்டாசியர்களும் ஒப்பந்தம் செய்து எல்லைக்கோடு கீறுகிறார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்ட ஒரு குடியிருப்பைக் காலிசெய்யச் சொல்லி கேப்டன் பிக்கார்டை அனுப்புகிறார்கள். அங்கே இருப்பவர்கள் அமெரிக்கப் பழங்குடிகளின் வழிவந்தவர்கள். தங்களுக்கென்று ஒரு மண்ணைப் பல காலம் தேடி, கடைசியில் அந்தக் கிரகத்தில் வேர்விட்டவர்கள். போகமாட்டோம் என்கிறார்கள். முடிவு என்ன? அங்கேயே இருக்கலாம், ஆனால் கூட்டமைப்பின் குடியுரிமையை விட்டுவிட்டுக் கார்டாசிய ஆட்சிக்குக் கீழே இருக்க வேண்டும். அவர்கள் சம்மதிக்கிறார்கள், பிக்கார்ட் மனக்கஷ்டத்தோடு கப்பலைத் திருப்புகிறார்.

இதற்கு மலையக வாசகருக்குக் கோனார் உரை தேவையில்லை. 1948இல் இலங்கையின் தோட்டத் தமிழரான நம்மவர்களின் குடியுரிமை போனது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. என் பெரியப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி, சுற்றிச் சுற்றிக் கடைசியில் கூடலூரில் மறுபடியும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் போய்ச் சேர்ந்தது. நாங்கள் இங்கேயே நின்றோம். பிக்கார்ட் எவ்வளவு நல்ல மனிதர் என்று அந்தப் பகுதி காட்டுகிறது, எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் நான் பார்க்க நினைத்தது கப்பல் போன பிறகு வரும் வருடங்களை.

அதைக் காட்டியது டீப் ஸ்பேஸ் நைன்தான். 'ஜேர்னிஸ் எண்ட்' பகுதியை எழுதிய ரொனல்ட் மூரும் அந்தத் தொடர் முடிந்ததும் இங்கேதான் வந்து சேர்ந்தார் என்பது ஒரு உபரித் தகவல். கைவிடப்பட்ட குடியேறிகள் ஆயுதம் தூக்குகிறார்கள், மாக்கீ என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். சிஸ்கோவின் சொந்த நண்பர்களும் சக அதிகாரிகளும் அந்தப் பக்கம் போகிறார்கள். 1997இல் வந்த 'ஃபோர் த யூனிஃபோர்ம்' பகுதியில், தன்னை ஏமாற்றிவிட்டு மாக்கீக்களிடம் ஓடிய அதிகாரி எடிங்டனைப் பிடிப்பதற்காகச் சிஸ்கோ ஒரு மாக்கீ குடியிருப்பின் காற்றையே நஞ்சாக்குகிறார். மனிதர்கள் அங்கே இனி வாழ முடியாது. எடிங்டன் ஏற்கெனவே கார்டாசியர்களின் கிரகங்களுக்கு நஞ்சு வைத்திருந்தான். கடைசியில் இரண்டு பக்கத்துக் குடிகளும் கிரகம் மாற்றிக்கொள்கிறார்கள், கணக்குச் சரியாகிவிடுகிறது. அதைச் சொல்லும்போது சிஸ்கோவிடம் குற்றவுணர்வு ஒரு துளிகூட இல்லை. கதாநாயகனை இப்படி நிறுத்திவைத்துவிட்டுப் பார்ப்பவருக்கு ஒரு சமாதானமும் சொல்லாமல் பகுதியை முடிக்கிற துணிச்சல் மற்றத் தொடர்களில் அரிது. அன்றைக்குச் சிஸ்கோ மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை, அதுவும் தொடரின் வெற்றிதான்.

அப்புறம் 'வொயேஜர்'. கட்டுரையாளர் அதை இரண்டாமிடத்தில் வைத்திருக்கிறார். அதன் கேப்டன் ஜேன்வேக்காக என்றால் சண்டையில்லை. ஆனால் மாக்கீ விஷயத்தில் அது கைக்கு வந்த பொருளை வீணாக்கிய தொடர். 70,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரே கப்பலுக்குள் மாக்கீக்களும் கூட்டமைப்பின் விண்படையான ஸ்டார்ஃப்ளீட்காரர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். எப்பேர்ப்பட்ட தொடக்கம்! முதல் பகுதி முடிவதற்குள் எல்லாரும் ஒரே சீருடையைப் போட்டுக்கொள்கிறார்கள், சில பகுதிகளில் முறைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நான்காவது சீசனில், ஊரில் மாக்கீக்கள் அழிக்கப்பட்டுவிட்டார்கள் என்ற செய்தி கடிதமாக வருகிறது. பெலானா என்ற பொறியியலாளர் அந்தத் துக்கத்தில் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஒரு நல்ல பகுதி அடுத்த சீசனில் இருக்கிறது. பிறகு அதையும் மறந்துவிட்டார்கள்.

வொயேஜருக்கு நியாயம் செய்ய ஒன்று சொல்ல வேண்டும். நெக்ஸ்ட் ஜெனரேஷனின் மிகச் சிறந்த பகுதி என்று எல்லாரும் சொல்வது 1989இல் வந்த 'த மெஷர் ஒஃப் எ மேன்'. டேட்டா என்ற இயந்திர மனிதன் ஒரு உடைமையா, இல்லை தன் முடிவைத் தானே எடுக்கக்கூடியவனா என்று வழக்கு நடக்கிறது. அவனைப் போல ஆயிரக்கணக்கில் செய்து வேலைக்கு விட்டால் அதற்கு என்ன பெயர் என்று கப்பலின் மதுக்கூடத்தை நடத்தும் கைனன் பிக்கார்டிடம் கேட்கும் இடம் உச்சம். டேட்டா ஜெயிக்கிறான், நாமும் நிம்மதியாகத் தொலைக்காட்சியை நிறுத்துகிறோம். 2001இல் வொயேஜர் 'ஓதர், ஓதர்' பகுதியில் அதே வழக்கை மறுபடி எடுக்கிறது. இம்முறை தான் எழுதிய கதையின் உரிமைக்காக நிற்பவர் கப்பலின் ஒளியுரு (ஹொலோகிராம்) டாக்டர். அவர் ஒரு எழுத்தாளர் என்று தீர்ப்பு ஒத்துக்கொள்கிறது, ஆள் என்று ஒத்துக்கொள்ளவில்லை. கடைசிக் காட்சியில் டாக்டரின் அதே முகத்தோடு வரிசை வரிசையாகப் பழைய ஒளியுருக்கள் சுரங்கத்தில் பாறை உடைத்துக்கொண்டிருக்கின்றன. இந்த ஒப்பீட்டில் நான் வொயேஜர் பக்கம். கைனன் பயந்தது நடந்தேவிட்டது என்று காட்டியது அதுதான்.

முதல் தொடரைப் பற்றி அதிகம் எழுத எனக்கில்லை. அட்டைப்பெட்டிப் பாறைகளையும் கேப்டன் கேர்க்கின் கிழியும் சட்டைகளையும் பொறுத்துக்கொண்டால் அதில் மணிகள் இருக்கின்றன. 1967இல் வந்த 'த டெவில் இன் த டார்க்' அதில் ஒன்று. சுரங்கத் தொழிலாளரைக் கொல்லும் ஒரு பிராணியைக் கொல்லப் போனால், அவர்கள் உடைத்துத் தள்ளியது அதன் முட்டைகளை என்று தெரியவருகிறது. எங்கள் பக்கம் தேயிலைக்குள் சிறுத்தை குட்டி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டால் நடக்கும் கூத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பகுதி கூடுதலாகப் பிடிக்கும்.

டீப் ஸ்பேஸ் நைனில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. எல்லாரும் தலைகீழான குணத்தோடு இருக்கும் கண்ணாடிப் பிரபஞ்சத்துக்கு அடிக்கடி போய்வருவது அலுப்பு. நிலையத்தை முன்பு ஆண்ட கார்டாசியன் கல் டுக்காட்டை அத்தனை வருடம் வஞ்சகமும் பாசமும் கலந்த மனிதனாகச் செதுக்கிவிட்டு, கடைசியில் சிவந்த கண்ணோடு பேயாட்டம் ஆடவிட்டது அநியாயம்.

ஆனால் வேறெந்தத் தொடர் ஒரு மதுக்கடைச் சிப்பந்தியை வைத்துத் தொழிற்சங்கக் கதை சொன்னது? 1996இல் வந்த 'பார் அசோசியேஷன்' பகுதியில், காதுவலிக்கு லீவு தராத அண்ணன் குவார்க்குக்கு எதிராக ரொம் சங்கம் அமைக்கிறான். அவர்கள் இனத்தில் தொழிலாளி சுரண்டலை நிறுத்த நினைப்பதில்லை, தானும் ஒருநாள் சுரண்டுபவனாக வரத்தான் பார்க்கிறான் என்று அவனே சொல்கிறான். கங்காணி காலத்துக் கதை கேட்டு வளர்ந்த யாருக்கும் அந்த வசனம் சுருக்கென்று குத்தும். வேலைநிறுத்தம் நடக்கிறது, அடியாட்கள் வருகிறார்கள். கடைசியில் குவார்க் எல்லாக் கோரிக்கையையும் ஒத்துக்கொள்கிறான், ஒரே நிபந்தனை: சங்கம் கலைந்துவிட்டதாக வெளியே காட்டிக்கொள்ள வேண்டும். பறித்த கொழுந்து நாள் கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போடும் தோட்டத்தில் பேச்சுவார்த்தை எப்படி முடியும் என்று தெரிந்தவர் எழுதியது போல இருக்கும். முழுக்க நகைச்சுவையாக எடுத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

புதிய தொடர்களை அடுத்த கட்டுரையில் பார்ப்பதாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். 'டிஸ்கவரி', 'பிக்கார்ட்' எல்லாம் எப்படியும் வரும். 'லோவர் டெக்ஸ்' கார்ட்டூன்தானே என்று தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேப்டன்களை விட்டுவிட்டுக் கப்பலின் அடித்தளத்தில் எடுபிடி வேலை செய்பவர்களைப் பற்றி ஐந்து சீசன் ஓடிய தொடர் அது. அவர் அதற்கு எந்த இடம் கொடுத்தாலும் அதையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பொகவந்தலாவை.