கட்டிய ஆண்டை விடுங்கள், படகைப் பாருங்கள்

கடல் காப்பீட்டு நிறுவனங்களில் பாலிசிக்கு ஒப்புதல் தரும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரிடமிருந்து வந்த பதிலைப் படித்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். படகின் வயது வரம்பைத் தாண்டிவிட்டதாம், பாலிசியைப் புதுப்பிக்க இயலாதாம். ஒரே வரி. அந்த வரிக்காகத்தான் படகின் நிலையைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயர் ஒரு பகல் முழுக்க என் படகின் அடியில் மல்லாந்து கிடந்தார்.

1978-இல் கட்டிய டிராலர் யாட் அது, மீன்பிடி டிராலரின் சாயலில் மெதுவாக நெடுந்தூரம் ஓடும் சொந்த உபயோக எஞ்சின் படகு. கரையேற்றி நிறுத்தியதும், பிளாஸ்டிக் சுத்தியலால் அடிப்பாகம் முழுவதையும் சாண் சாணாகத் தட்டிக் காதால் கேட்டார். ஃபைபர் அடுக்குகள் பிரிந்திருந்தால் சத்தம் 'தொப்'பென்று அமுங்கும். எங்கேயும் அமுங்கவில்லை. ஈரமானியை வைத்துப் பார்த்தார். எஞ்சின் எண்ணெயை ஆய்வகத்துக்கு அனுப்பினார். எஞ்சினுக்குக் கீழே நான் விரித்து வைத்திருக்கும் வெள்ளை விரிப்பில் ஒரு சொட்டுக் கறையாவது இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினார். எல்லாம் அறிக்கையில் இருக்கிறது. நீங்கள் பார்த்தது முதல் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களை மட்டும்தான்.

உங்கள் தயக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துப் படகுகளுக்கென்றே சில வியாதிகள் உண்டு. தேக்குத் தளத்தின் திருகு ஓட்டைகள் வழியே தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கும் மரம் ஊறிப்போகும். இரும்பு டீசல் தொட்டிகள் துருப்பிடிக்கும். பழைய வயரிங் தீ வைக்கும். சரி, அவற்றைத் தேடுங்கள். என் படகில் தொட்டிகளையும் வயரிங்கையும் மாற்றியாயிற்று, தேக்குப் பலகைகளைக் கழற்றித் தளத்தை அடைத்தாயிற்று. ரசீதுகளையும் அனுப்பியிருந்தேன்.

இனி என் நிலைமையைக் கேளுங்கள். பாலிசி இல்லை என்றதும் படகுத்துறையில் இடம் போயிற்று. அவர்களைக் குறை சொல்ல முடியாது, பக்கத்துப் படகில் இடித்தால் யார் தருவது? இன்னொரு நிறுவனம், "பார்க்கலாம், ஆனால் எங்கள் பட்டியலில் உள்ள சர்வேயர் படகைக் கரையேற்றிப் பார்த்த புது அறிக்கை வேண்டும்" என்றது. படகுப் பட்டறைக்குப் போனேன். பாலிசி இல்லாத படகை கிரேனில் தூக்க மாட்டோம் என்றார்கள். ஆக, பாலிசிக்கு அறிக்கை வேண்டும், அறிக்கைக்குக் கரையேற்ற வேண்டும், கரையேற்றப் பாலிசி வேண்டும்.

படகு இப்போது திறந்த கடலோரம் நங்கூரத்தில் கிடக்கிறது. காற்று திசை மாறினால் அங்கே ஒதுங்க மறைவில்லை. அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு புரொப்பெல்லரையும் தண்டையும் காக்கும் துத்தநாகக் கட்டிகளை முக்குளிப்பவரை வைத்து மாற்றிவிட்டேன். பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்க அடியில் அடிக்கும் பெயிண்டைத் தண்ணீருக்குள் அடிக்க முடியுமா? நன்றாக இருந்த படகை ஆபத்தான படகாக மாற்றும் வேலையை உங்கள் விதியே பொறுப்பாகச் செய்துகொண்டிருக்கிறது.

புயலும் பாறையும் கட்டிய ஆண்டைக் கேட்டுவிட்டுத்தான் வரும் போலிருக்கிறது. புதுப் படகுகள் மூழ்குவதே இல்லை போலும்! இந்த வகைப் படகுகள் எதற்காகப் பிறந்தன என்பதாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ராபர்ட் பீப் தன் 'பாஸேஜ்மேக்கர்' படகை 1963-இல் சிங்கப்பூரில் கடலில் இறக்கியது, பாயை நம்பாமல் எஞ்சினை நம்பியே சிறு படகில் பெருங்கடல் தாண்டலாம் என்று காட்டத்தான். அந்த வழியில் வந்த படகுகளுக்கு அவசரம் கிடையாது. நீர்மட்டத்தில் 36 அடி நீளம் இருந்தால் 8 நாட்டிகல் மைல்தான் மணிக்கு உச்சவேகம். ஆறரையில் போனால் என் எஞ்சின் மணிக்கு சுமார் 7 லிட்டர் டீசல் குடிக்கும், 2600 லிட்டர் தொட்டியோடு 2000 நாட்டிகல் மைலைத் தாண்டியும் மிச்சம் இருக்கும். உயிரை வாங்காமல் மெதுவாக ஓடும் எஞ்சின், பராமரித்தால் பல்லாண்டு உழைக்கும்.

இப்போதெல்லாம் எதற்கும் ஒரு படிவம். 'கட்டிய ஆண்டு' என்ற கட்டத்தில் தடுக்கியதும் கணினி 'முடியாது' என்கிறது, அப்புறம் போனில் எந்த எண்ணை அழுத்தினாலும் மனிதர் வருவதில்லை. இப்படிக் கைவிடப்பட்ட ஃபைபர் படகுகள் மக்காது. கழிமுகங்களில் பாதி மூழ்கிக் கிடக்கும். அவற்றை அகற்ற யார் செலவு செய்வது என்று பிறகு ஒரு கூட்டம் நடக்கும், நீங்களும் வந்து கவலைப்படுவீர்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். கேட்பது பெரிய சலுகை ஒன்றுமில்லை. வயதை மட்டும் காட்டி மறுக்காதீர்கள், படகைப் பாருங்கள். பழைய படகுக்குக் கூடுதல் பிரீமியம் என்றால் பேசலாம், சர்வேயை அடிக்கடி செய்யச் சொன்னால் செய்கிறோம். முழுப் பாலிசி தருவதற்கு யோசனையாக இருந்தால், கரையேற்றிப் பார்த்து முடிக்கும் வரைக்குமாவது மூன்றாம் நபர் இழப்பீட்டுக்கு ஒரு தற்காலிகப் பாலிசி கொடுங்கள். அது இருந்தால் பட்டறைக்காரர் கிரேனை எடுப்பார், உங்கள் சர்வேயரையே அனுப்பலாம். காற்றுப் பருவம் தொடங்குவதற்குள் பதில் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பழைய டிராலர் யாட்டின் உரிமையாளர்