வசனத்தைப் பாதியில் வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம்ம பேப்பரில் ராசிபலனுக்குப் பக்கத்தில் கட்டம் கட்டி குர்ஆன் வசனம் ஒன்று போடுகிறீர்கள். நல்ல காரியம்தான். வண்ணாரப்பேட்டை டீக்கடையில் எல்லா மதத்துக்காரர்களும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் எந்த அத்தியாயம், எத்தனையாவது வசனம் என்று எண் கிடையாது, இடம் பற்றவில்லை என்றால் வசனத்தையே வெட்டிவிடுகிறீர்கள்.

வசனம் என்றால் பொன்மொழி மாதிரி ஒரே அளவில் இருக்கும் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ஒரே சொல்லில் முடிகிற வசனமும் உண்டு (55:64, அதாவது 55வது அத்தியாயம், 64வது வசனம்). கடன் கொடுத்தால் தவணை குறித்து எழுதிக்கொள், எழுதுகிறவர் நேர்மையாக எழுதட்டும், சாட்சி வை, சின்னத் தொகைதானே என்று சலித்துக்கொள்ளாதே என்று ஒரு பக்கம் ஓடுகிற வசனமும் உண்டு (2:282). ஆமாம், குர்ஆனிலேயே நீளமான வசனம் சொர்க்கத்தைப் பற்றியோ நரகத்தைப் பற்றியோ அல்ல, கொடுக்கல் வாங்கல் பற்றி! மண்ணடிக் கடைகளில் 'ஆயத்துல் குர்ஸி' என்ற வசனத்தை (2:255) ஃப்ரேம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டு, அதற்கு இருபத்தேழு வசனம் தள்ளி இருப்பதைக் கண்டுகொள்ளாமல் வாய்வார்த்தையில் கடன் கொடுத்து, அப்புறம் முகம் முறித்துக்கொள்கிறவர்கள் எங்களில் எத்தனையோ பேர். சரி, அது எங்கள் வீட்டுச் சண்டை.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் குர்ஆன் பிரதியிலேயே குறித்து வைத்திருக்கிறார்கள். இங்கே மதரஸாவில் பிள்ளைகள் விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே ஓதும்போது பார்த்தால் தெரியும், வரிக்கு மேலே பொடி எழுத்துகள் இருக்கும். 'மீம்' இருந்தால் கட்டாயம் நிறுத்த வேண்டும், 'லா' இருந்தால் அங்கே நிறுத்தாமல் ஓதிக்கொண்டே போக வேண்டும். மூச்சு முட்டி கண்ட இடத்தில் நிறுத்திய பையனை ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் விடமாட்டார், நாலு சொல் பின்னால் போய் மறுபடி ஓதச் சொல்வார். 107வது அத்தியாயத்தில் "தொழுகையாளிகளுக்குக் கேடுதான்" என்று ஒரு வசனம் முடிகிறது, எங்கள் பிரதிகளில் அதன்மேல் 'லா' இருக்கிறது. ஏனென்றால் அடுத்த வசனங்கள்தான் எந்தத் தொழுகையாளிகள் என்று சொல்கின்றன: தொழுகையில் அலட்சியமாக இருப்பவர்கள், ஊர் பார்க்கத் தொழுபவர்கள், அற்பப் பொருளைக்கூடக் கொடுத்து உதவாதவர்கள்.

சட்டம் எடுப்பதென்றால் இன்னும் கவனம் வேண்டும். 23 வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய வேதம் இது. மதுவைப் பற்றி முதலில் அதில் நன்மையைவிடப் பாவம் பெரிது என்றது (2:219), பிறகு போதையில் தொழுகைக்கு நெருங்காதே என்றது (4:43), கடைசியில் அடியோடு விலக்கச் சொன்னது (5:90). நடுவில் உள்ளதை மட்டும் பிடித்துக்கொண்டால், தொழாத நேரத்தில் குடிக்கலாம் என்று ஒரு தீர்ப்புக் கிடைக்கும். சிலருக்கு அது சௌகரியமாகவும் இருக்கும்.

வெறுப்பைக் கிளப்ப நினைப்பவர்கள், இணைவைப்பவர்களைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள் என்று வரும் 9:5ஐ மட்டும் உருவி வாட்ஸப்பில் சுற்றவிடுகிறார்கள். அதற்கு முந்தின வசனம், ஒப்பந்தத்தை மீறாதவர்களிடம் தவணை முடியும்வரை வாக்கைக் காப்பாற்றச் சொல்கிறது. அடுத்த வசனம், எதிர்த்தரப்பில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, அவருக்குப் பத்திரமான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. நல்லெண்ணத்தில் வெட்டுகிறவர்களும் உண்டு. ஓர் உயிரைக் கொன்றவன் மனித குலம் முழுவதையும் கொன்றவன் போல என்று எங்கள் மேடைகளிலேயே முழங்குகிறோம், அது ஆதமுடைய மகன்களில் ஒருவன் மற்றவனைக் கொன்ற கதையைத் தொடர்ந்து, இஸ்ரவேலர்களுக்கு விதித்ததாக வருகிறது (5:32) என்பதையும் அதில் உள்ள விதிவிலக்கையும் (கொலைக்கோ பூமியில் குழப்பம் செய்ததற்கோ பதிலாக அன்றி) விட்டுவிடுகிறோம். நல்ல கருத்துக்கும் வெட்டு வெட்டுதான்.

அதனால் அத்தியாய எண், வசன எண் இரண்டையும் போடுங்கள், விருப்பமுள்ளவர் முன்னும் பின்னும் பார்த்துக்கொள்வார். நீள வசனம் கட்டத்துக்குள் அடங்கவில்லையா, வேறொன்றைப் போடுங்கள். 103வது அத்தியாயம் முழுசுமே மூன்று வசனம்தான்.

இன்னொன்று. ரமலான் இணைப்பில் வசனத்தை அரபு எழுத்திலும் அச்சிடுகிறீர்கள். அந்த அரபு மூலம் எங்களுக்குப் புனிதம், அது பஜ்ஜி எண்ணெயை ஒற்றி எடுக்கவோ பழைய பேப்பர்க் கடைக்கோ போய்விடக் கூடாது என்று வீட்டில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. தமிழில் பொருள் மட்டும் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை