ஸ்கேன் எடுத்த பிறகு காகிதம் எதற்கு?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் தேறி, கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகளுக்கு இடமாற்றம் வந்த செய்தியும் பார்த்தேன். புது ஊரில் பேத்திக்குப் பள்ளிக்கூடம் சீக்கிரம் அமையட்டும். இங்கே நாங்கள் எல்லாரும் நலம்.

நகராட்சி ஆவணக் காப்பகத்தில் நான் உதவிக்குப் போவதைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லியிருந்தாய். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் காகிதத்தைக் கழித்துவிட்டால் இடமும் மிச்சம், செலவும் மிச்சம்தானே? நகர்மன்ற உறுப்பினர்களும் இதையேதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நான் அங்கே என்ன செய்கிறேன் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்குக் கொடுத்திருப்பது பழைய கட்டட அனுமதிக் கோப்புகள். ஒவ்வொரு கோப்பிலும் விண்ணப்பம், வரைபடம், பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்சேபம், பொறியாளரின் குறிப்பு, கடைசியில் உத்தரவு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குண்டூசியோ ஸ்டேப்பிளோ குத்தியிருப்பார்கள். இத்தனை வருஷத்தில் அது துருப்பிடித்துக் காகிதத்தோடு ஒட்டிப் போயிருக்கும். இழுத்தால் காகிதமும் கூடவே வந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஊசிக்கும் தாளுக்கும் நடுவே செருகி, துருவை மெதுவாக விடுவிக்க வேண்டும். ஸ்டேப்பிள் என்றால் முதலில் பின்பக்கம் மடிந்திருக்கும் கால்களை நிமிர்த்தி, அப்புறம் தாளைத் திருப்பி முன்பக்கத்திலிருந்து தூக்க வேண்டும். எடுத்த கையோடு அந்தத் தாள்களை அதே வரிசையில் ஒரு அமிலமற்ற காகித மடிப்புக்குள் வைத்துவிட வேண்டும். ஊசி போனாலும், அது சேர்த்து வைத்திருந்தவை சேர்ந்தே இருக்க வேண்டும். காப்பாளர் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது இதுதான். இந்த வேலையின் மையமே அதுதான் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

பழசு என்றால் நைந்திருக்கும், புதுசு என்றால் உறுதியாக இருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டுதான் போனேன். நேர் எதிர்! பருத்திக் கந்தலிலிருந்து செய்த பழங்காலத் தாள் இன்னும் துணி போல வளைகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு மரக்கூழில் செய்த தாள் வந்தது. அதில் இருக்கும் அமிலம் உள்ளிருந்தே அதைத் தின்கிறது. ஓரத்தைத் தொட்டால் பொரிப்பொரியாக உதிரும். செல்லோடேப் ஒட்டிய இடம் இன்னும் மோசம். டேப் கழன்று விழுந்த பிறகும் அதன் பசை பழுப்புக் கறையாகத் தாளுக்குள் ஊறி நிற்கும். ஈரத்துக்குத்தான் எல்லாரும் அதிகம் பயப்படுகிறார்கள். நனைந்த காகிதக் கட்டுக்குள் 48 மணி நேரத்துக்குள்ளேயே பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடலாம். அதனால் அறையின் சூடும் ஈரப்பதமும் ஏறி இறங்காமல் ஒரே நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது தினசரி வேலைகளில் ஒன்று.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் வயதான ஒருவர் வந்தார். அவருடைய தாத்தா காலத்து வீடு குறித்து ஒரு சான்று வேண்டும். கையில் இருந்த பழைய பத்திரத்தில் ஒரு தெருப் பெயரும் கதவு எண்ணும் இருந்தன. அந்தப் பெயரில் இன்று ஊரில் தெருவே கிடையாது. நகர்மன்றத் தீர்மானப் பதிவேட்டைப் புரட்டியதில், தெருவின் பெயரை மாற்றிய தீர்மானம் கிடைத்தது. தெரு தெரிந்துவிட்டது, வீடு எது? கதவு எண்களையும் அதே சமயத்தில் மாற்றியிருந்தார்கள். அடுத்த ஆண்டுக்கான வீட்டுவரிப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் திறந்தோம். முன்பே யாரோ ஸ்கேன் எடுத்து வைத்திருந்தார்கள். புது எண்கள் மட்டும் தெரிந்தன. காப்பாளர் எழுந்து போய் அசல் பதிவேட்டையே கொண்டுவந்து விரித்தார். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலில், மிக மெல்லியதாக, பழைய எண். அந்தக் காலத்து எழுத்தர் தன் வசதிக்காகக் குறித்து வைத்தது. கறுப்பு வெள்ளையில் எடுத்த ஸ்கேனில் அந்தப் பென்சில் கோடுகள் வெறும் வெள்ளையாகிப் போயிருந்தன.

பெரியவர் சான்றிதழோடு போனார். அசலைக் கழித்திருந்தால் அவரை வெறும் கையோடுதான் அனுப்பியிருப்போம்.

ஸ்கேனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிறையவே வேண்டும். அடிக்கடி கேட்கப்படும் பதிவேடுகளைப் பிரதியில் பார்த்துக்கொண்டால் அசலுக்குக் கைபடுவது குறையும், வெளியூரில் இருப்பவர்கள் அலைய வேண்டியதில்லை. ஆனால் எடுப்பதை வண்ணத்தில், ஓரம் வெட்டாமல், வெற்றுப் பக்கம் உட்பட எடுக்க வேண்டும். ஒவ்வொரு படமும் எந்தப் பதிவேட்டின் எத்தனையாவது பக்கம் என்று கூடவே எழுத வேண்டும். இந்த விவரம் எழுதும் வேலைதான் ஸ்கேன் எடுப்பதைவிட அதிக நேரம் பிடிக்கிறது, அதற்குத்தான் யாரும் பணம் ஒதுக்குவதில்லை. அது இல்லாவிட்டால் மிஞ்சுவது பெயரில்லாத படங்களின் குவியல். அப்புறம், எடுத்ததோடு முடிவதும் இல்லை. வேறு வேறு இடங்களில் பிரதிகள் வைக்க வேண்டும், கோப்பு சிதையவில்லையா என்று அவ்வப்போது சரிபார்க்க வேண்டும், வடிவம் பழசாகும்போது புதியதற்கு மாற்ற வேண்டும். நீண்ட காலப் பாதுகாப்புக்கென்றே பிடிஎஃப்-ஏ என்று ஒரு சர்வதேசத் தரம் 2005-இல் வந்தது. அப்படி ஒன்று தேவைப்பட்டதே, சாதாரணக் கோப்புகள் எவ்வளவு சீக்கிரம் திறக்க முடியாமல் போகின்றன என்பதால்தான். எங்கள் அலமாரியில் ஒரு பெட்டி நிறைய ஃபிளாப்பி, அதாவது பழைய கம்ப்யூட்டர் வட்டுகள், திறக்க வழியில்லாமல் கிடக்கின்றன. அதே அறையில், அதைவிட நூறு வயது மூத்த பதிவேட்டை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

இடம் போதவில்லை என்பது உண்மையான பிரச்சினை, மறுக்கவில்லை. அதற்கு வழி, எல்லாவற்றையும் படமாக்கிவிட்டு எல்லாவற்றையும் எரிப்பதல்ல. எதை எத்தனை ஆண்டு வைப்பது என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வது. வருகைப் பதிவேடு, பேனா வாங்கிய ரசீது இவையெல்லாம் தணிக்கை முடிந்து சில ஆண்டுகளில் போகலாம். தீர்மானங்கள், பிறப்பு இறப்புப் பதிவுகள், நில வரைபடங்கள் என்றைக்கும் போகக்கூடாது. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம்கூட, அரசு உருவாக்கும் ஆவணங்களில் 1 முதல் 3 சதவீதத்தைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்கிறது. ஆக, பெரும்பகுதி கழிக்கத்தான் படுகிறது. ஆனால் கழித்தது எது, யார் அனுமதித்தது, எந்த விதிப்படி, என்றைக்கு என்ற பட்டியல் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் இருந்தால், பின்னால் ஒருவர் வந்து கேட்கும்போது, விதிப்படி கழித்துவிட்டோம் என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியும். இல்லாவிட்டால், மறைத்துவிட்டார்கள் என்றுதான் அவர் நினைப்பார். நினைத்தால் அவர்மேல் தப்பும் இல்லை.

இன்னொன்றும் கேட்டிருந்தாய். எல்லாவற்றையும் தலைப்பு வாரியாகப் பிரித்து அடுக்கினால் தேட எளிதல்லவா என்று. நீ நூலகத்தை மனதில் வைத்துக் கேட்கிறாய். பிரெஞ்சுக்காரர்களும் ஒரு காலத்தில் அப்படிச் செய்து பார்த்தவர்கள்தான். 1841 ஏப்ரலில் அவர்களுடைய உள்துறை அமைச்சகம் மாவட்ட, ஊராட்சி ஆவணங்களுக்கென்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு அலுவலகத்திலிருந்தோ குடும்பத்திலிருந்தோ வந்த ஆவணங்களை ஒரே தொகுப்பாக வைக்க வேண்டும், வேறிடத்து ஆவணங்களோடு கலக்கக்கூடாது என்றது. இன்று உலகம் முழுக்க ஆவணக் காப்பகங்கள் அந்த வழியில்தான் நடக்கின்றன. உள்ளாட்சி ஆவணங்களை ஒழுங்குபடுத்தப் போய்த்தான் இந்த விதி தெளிவாக எழுதப்பட்டது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. நான் பார்க்கும் கோப்பையே எடுத்துக்கொள். ஆட்சேபக் கடிதத்தைத் தனியே எடுத்து, "குடிநீர்" என்ற தலைப்பில் வைத்தால், அது வெறும் புகார். வரைபடத்துக்கும் உத்தரவுக்கும் நடுவே இருந்தால்தான், அந்தப் புகாரால் கிணற்றை ஒட்டிய சுவர் மூன்றடி தள்ளிக் கட்டப்பட்டது என்று தெரிகிறது.

ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் நடந்ததை நீ செய்தியில் பார்த்திருப்பாய். 2009 மார்ச் 3 அன்று நகராட்சி வரலாற்றுக் காப்பகத்தின் கட்டடமே இடிந்து விழுந்தது. பக்கத்தில் சுரங்க ரயில் பாதை தோண்டிக்கொண்டிருந்தார்கள். காப்பகத்தில் இருந்தவர்கள் எப்படியோ வெளியே ஓடிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் இருந்த இருவர் இறந்துபோனார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆவணங்கள், இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சையே தாண்டி வந்தவை, இடிபாட்டிலும் நிலத்தடி நீரிலும் கிடந்தன. தோண்டித் தோண்டிச் சுமார் 95 சதவீதத்தை மீட்டார்கள். நனைந்தவற்றை உறையவைத்து, பனிக்கட்டி நீராக மாறாமல் நேரே ஆவியாகும்படி உலர்த்தினார்கள். அதோடு முடியவில்லை. வெவ்வேறு ஊர்க் காப்பகங்களுக்கு அவசரத்தில் அனுப்பிய தாள்களில் எது எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்து, மறுபடி ஒன்றுசேர்க்கும் வேலை இன்னும் பல ஆண்டுகளுக்கு நீளும். தாள் கையில் இருக்கிறது, அதன் இடம்தான் தெரியவில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது பழைய காகிதம் அல்ல. இன்றைய நிர்வாகம்தான். முன்பெல்லாம் ஒரு அதிகாரி மனதை மாற்றிக்கொண்டால், ஏன் மாற்றினார் என்று கோப்பின் ஓரத்தில் நாலு வரியாவது எழுதுவார். இப்போது அந்தப் பேச்சு முழுவதும் வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. கோப்புக்கு வருவது முடிவு மட்டும். போன் மாறினால், ஆள் மாறினால், காரணம் போய்விடுகிறது. மின்னஞ்சல்களும் அப்படித்தான், ஓய்வு பெற்றவரின் கணக்கை மூடும்போது எல்லாம் அழிகின்றன. காப்பாளர் ஒவ்வொரு துறைக்கும் போய், முடிவு சம்பந்தமான செய்திகளை அன்றன்றைக்கே கோப்பில் சேர்க்கச் சொல்லி மன்றாடுகிறார். சிலர் கேட்கிறார்கள். இந்தக் கடைசி இருபது வருடங்களைத் தெரிந்துகொள்ள, நூறு வருடத்துக்கு முந்தியதைவிடக் கஷ்டப்படப் போகிறார்கள் நம் பேரப்பிள்ளைகள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை நகர்மன்றத்தில் எடுத்துச் சொல்லவும் தயாராக இருக்கிறேன்.

எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்து வைப்பதும் இல்லை. நோய், தத்து, உதவித்தொகை விண்ணப்பம் போன்ற கோப்புகளில் உயிரோடிருக்கும் மனிதர்களின் விஷயங்கள் இருக்கும். அவற்றைக் குறிப்பிட்ட காலம் மூடி வைக்கிறார்கள். ஆனால் மூடியிருக்கிறது என்பதையும், எப்போது திறக்கும் என்பதையும் பட்டியலில் வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், அப்பாவின் இரும்புப் பெட்டியைப் பற்றி எழுதியிருந்தாய். குடிநீர்ப் பிரிவில் இருந்தபோது அவர் வரைந்த குழாய்ப்பாதை வரைபடங்கள், குறிப்பு நோட்டுகள். நேரம் கிடைக்கும்போது பிரித்து அடுக்கப்போகிறேன் என்கிறாய். தயவுசெய்து அடுக்காதே! இப்போது எந்த வரிசையில் இருக்கிறதோ அப்படியே விடு. பெட்டியைத் திறந்ததும், மேலிருந்து கீழாக ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடு. தாளில் பேனாவால் எதுவும் எழுதாதே, வேண்டுமானால் தனித் துண்டில் பென்சிலால் எழுதி வை. லேமினேட் செய்துவிடாதே, அதைப் பிறகு பிரிக்கவே முடியாது. சுருட்டி வைத்த வரைபடம் விறைப்பாக இருந்தால் வலுக்கட்டாயமாக விரிக்க வேண்டாம், காப்பகத்தில் ஈரப்பதம் கொடுத்துப் பக்குவமாக விரிப்பார்கள். பூஞ்சை வாடை அடித்தால் முகக்கவசம் போட்டுக்கொள். உன் மூச்சிரைப்புக்கு அந்தத் தூசி ஆகாது.

வரைபடங்களில் அலுவலக முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார். இருந்தால் அவை உங்கள் ஊர் நகராட்சிக்குச் சொந்தமானவை. திரும்ப ஒப்படைத்தால் அவர்கள் நன்றியோடுதான் வாங்கிக்கொள்வார்கள். பூமிக்கடியில் போகிற பழைய குழாய்களின் வரைபடம் இன்றைக்கும் வேலைக்கு ஆகும் பொருள். நோட்டுகள் அப்பாவுடையவை, கொடுப்பதும் வைத்துக்கொள்வதும் உன் விருப்பம். கொடுப்பதாக இருந்தால், அவர் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை எந்தப் பொறுப்பில் இருந்தார், பெட்டி யார் யார் வீட்டில் இருந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கூடவே கொடு. அக்காவிடம் கேள், அவருக்கு நம்மைவிட நன்றாக நினைவிருக்கும்.

அடுத்த மாதம் மகள் வீட்டுக்குக் கிளம்புமுன் இதை முடித்துவிட முடியுமா? படங்களை எனக்கு அனுப்பு. காப்பாளரிடம் காட்டி, எந்த மாதிரிப் பெட்டி வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்