மாதத்தைச் சொல், ஊரைச் சொல்கிறேன்

கொழும்பு 06

அன்பின் ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் சந்தோஷம். டிசம்பர் லீவுக்கு எல்லாருமாய் வந்து திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் ஒரு கிழமை நிற்கப்போவதாய் எழுதியிருக்கிறாய். மச்சான், அவசரப்பட்டு ரிக்கற் போட்டுவிடாதே.

டிசம்பரில் அந்தப் பக்கம் வாடைக்காற்று. மழையும் பெய்யும், கடலும் கலங்கிப் புரளும். புறாத்தீவுக்கு (நிலாவெளிக்கு எதிரே, பவளப்பாறையும் மீனும் பார்க்கப் போகும் சின்னத் தீவு) படகை நம்பி இருக்க ஏலாது. நிலாவெளிக்குக் காலம் மே முதல் செப்டெம்பர் வரை. அதே மாதங்களில் கொழும்பிலிருந்து மாத்தறை வரை கச்சான் காற்று அடித்துக் கடல் மூர்க்கமாய் நிற்கும். ஆகவே டிசம்பர்தான் என்றால் காலிக்குப் பக்கத்தில் உனவட்டுன, ஜூலை என்றால் நிலாவெளி. ஊரை முடிவெடுத்துவிட்டு மாதத்தைப் பார்ப்பவர்கள்தான் அறைக்குள் காட்ஸ் விளையாடிவிட்டுத் திரும்புகிறவர்கள்.

ஜூலைக்கு மாற்றினால், விடிய நாலு மணிக்கே வாடகை வான் பிடித்து வெளிக்கிட வேணும். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாய் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம். பிந்தி வெளிக்கிட்டால் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் பொழுதுபடும். அங்கே யானை றோட்டுக்கு வரும். பகலில் போனால் கந்தளாயில் சட்டித் தயிரும் வாங்கலாம்.

புறாத்தீவுக்கு முதல் படகிலேயே போ. நேரம் ஏற ஏறக் காற்று எழும்பி, தண்ணிக்குள் பார்வை மங்கும். படகுக்கூலி படகுக்குத்தான், ஆளுக்கு இல்லை. இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்தால் பாதிக் காசு. தீவு தேசியப் பூங்கா, அதன் நுழைவுச்சீட்டு படகுக்கூலிக்குப் புறம்பு. வாடகைக்குத் தரும், மூக்கையும் மூடும் நீச்சல் கண்ணாடியைக் கரையிலேயே பார்த்து எடு. நாடாவை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழு. கையை விட்ட பிறகும் விழாமல் ஒட்டி நின்றால் சரி. மீசைக்காரருக்கு மேலுதட்டுப் பக்கத்தால் தண்ணி ஊறும், அதில் கொஞ்சம் வாசலீன் பூச வேணும் (உன் மீசை இன்னும் இருக்கிறதா?). ஊறுகிறதென்று நாடாவை இறுக்காதே, இறுக்கினால் றப்பர் நெளிந்து இன்னும் ஊறும். கண்ணாடி புகார் பிடித்தால் உட்பக்கம் துப்பித் தேய்த்து, கடல் தண்ணியில் ஒருதரம் அலசினால் போதும். பிள்ளைகள் அருவருத்தாலும் அதுதான் வைத்தியம்.

கருமுனைச் சுறாக்கள் சுற்றித் திரியும். சீண்டாவிட்டால் அவை தம் பாட்டில் போகும். உண்மையான கரைச்சல் வெயிலும் முருகைக்கல்லும் (பவளப்பாறை). குப்புற மிதக்கும்போது தண்ணி குளிர்வதால் முதுகு வேகுவது தெரியாது, இரவில்தான் தெரியும். எல்லாரும் கைநீட்டுச் சட்டையோடு இறங்குங்கள். தீவின் கரை முழுக்க உடைந்த முருகைக்கல், அதனால் அடி தடித்த செருப்பு வேணும். கீறினால் காயம் சின்னதாய்த் தெரியும். உள்ளே துகள் நின்றால் சீழ் பிடிக்கும். நல்ல தண்ணியும் சவர்க்காரமும் போட்டு நன்றாய்க் கழுவ வேணும். உயிரோடிருக்கும் கல்லில் கால் ஊன்றவே கூடாது, ஒரு மிதியில் பல வருச வளர்ச்சி போய்விடும்.

அறை பிடிக்கும்போது மூன்று கேள்வி கேள்: குளிக்கிற தண்ணி சவரா (உப்புக் கரிக்குமா), நுளம்பு வலை இருக்கிறதா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா. சவர்த் தண்ணியில் சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் சிக்குப் பிடிக்கும்; உன் மனிசிக்கு முதலே சொல்லிவை. சின்ன விடுதிகளில் மீனை வாங்கி அடுக்கி வைக்கமாட்டார்கள். இரவுக்கு நண்டுக் கறி வேணுமென்றால் காலைச் சாப்பாட்டோடு சொல்லிவிடு, இல்லாவிட்டால் கோழிதான். போயாவோடு (பௌர்ணமி லீவு, அன்று மது விற்கமாட்டார்கள்) சேர்ந்து வரும் நீண்ட வாரவிறுதியைத் தவிர். அறை விலையும் ஏறும், அன்றைக்கு உனக்கு பியரும் கிடைக்காது.

மாதத்தை எழுது. ஜூலை என்றால் வான்காரரிடம் இப்போதே சொல்லிவைக்க வேணும்.

அன்புடன்,
சிவா