மாப்ள, ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அந்த மலைக்கு ஒருக்கா ஏறிடு

மாப்ள,

எப்டிடா இருக்க. உன் மெசேஜுக்கு பதில் போடாம இழுத்துட்டேன், கோவிச்சுக்காத, வயல் வேல, அது முடியவும் அக்கா வீட்டு பால்காய்ப்புனு ஓடிருச்சு. அம்மாவப் பாத்தேன், முட்டிவலி தவிர நல்லா இருக்காங்க, உன் மேல ஒரு லிஸ்ட்டே வச்சிருக்காங்க, அத நீயே போன் பண்ணி வாங்கிக்க. நம்ம கூட்டாளி 'கண்ணாடி'கிட்ட உன் ஃபோட்டோவக் காட்டினேன், "இவன் தொப்பைக்குத் தனியா டிக்கெட் போடணும்டா"ன்னான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அக்ரிமெண்ட் முடியப்போகுது, கோயில், கடை, ரூம், இத விட்டா இந்தத் தீவுல கடலத் தவிர என்ன இருக்குன்னு எழுதிருந்தல்ல, அதப் படிச்சதுலேர்ந்து எனக்கு மனசே ஆறல. டேய், நீ இருக்குற செஷல்ஸ் நாட்டு மாஹே தீவு மலைல நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புத் தவளையோட சொந்தக்காரங்க இருக்காங்கடா! அங்க இருந்துக்கிட்டே பாக்காம வந்துராத.

ஐப்பசி மழைல செண்பகத்தோப்புல வனத்துறை கணக்கெடுப்புக்கு வாலண்டியரா போயிருந்தேன். ஓடைல தண்ணி இரைஞ்சுக்கிட்டு விழுகுது, கூட வந்த வாட்ச்சர் அண்ணன் ஒரு வழுக்குப்பாறையக் காட்டி குனிஞ்சு பாருங்கன்னாரு. பாத்தா, அந்த வேகத்துலயும் தலப்பிரட்டைங்க பாறையோட பாறையா ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒடம்பு தட்டை, வாய் அடிப்பக்கம், அகலமா, அதால பாறையக் கவ்விப் பிடிச்சுக்கிட்டு பாசியச் சுரண்டித் தின்னுக்கிட்டே மெல்ல மெல்ல மேல ஏறுது. விரல ஒண்ணு பக்கத்துல வச்சேன், நகரக்கூட இல்ல. இதோட பெரிய தவளையத்தான் யாரும் லேசுல பாத்துற முடியாது, வருஷம் பூரா மண்ணுக்குள்ள, கரையானத் தின்னுக்கிட்டு. ஊதிப்போன கருஊதா ஒடம்பு, குட்டிக் கண்ணு, கூரா ஒரு மூக்கு, மண்ணப் பறிக்கப் பின்னங்கால்ல மம்பட்டி மாதிரி ஒரு தடிப்பு. மழை இறங்கினா ஆண் மண்ணுக்கு அடிலேர்ந்தே கத்தும், அப்புறம் சில ராத்திரி மட்டும் வெளிய வந்து, பொம்பளத் தவளை தன்னவிட ரொம்பச் சின்ன ஆம்பளைய முதுகுல ஒட்டவச்சுத் தூக்கிக்கிட்டு ஓடைக்குப் போயி பாறை இடுக்குல ஆயிரக்கணக்குல முட்டை போட்டுட்டு திரும்ப மண்ணுக்குள்ள. மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல, மாவேலித் தவளைன்னு சொல்றாங்க.

இந்தத் தலப்பிரட்டைய 1918லயே அன்னண்டேல்ங்கிற விலங்கியல்காரரு எழுதி வச்சுட்டாரு, ஆனா எந்தத் தவளையோட பிள்ளைன்னு தெரியாமலே கிடந்துச்சு. 2003லதான் தவளை ஆராய்ச்சி பண்ற நம்மாளு பிஜுவும் பெல்ஜியம்காரர் போசுய்ட்டும் இடுக்கித் தவளைய வச்சு நாசிகாபட்ராகிடேனு புதுசா ஒரு குடும்பமே அறிவிச்சாங்க. புது இனம் கிடைக்கிறது நடக்குறதுதான், புதுக் குடும்பம்லாம் ரொம்ப அபூர்வம். டிஎன்ஏவப் பாத்தா நெருங்கின சொந்தம் இந்தியாவுலயே இல்ல, 3000 கிலோமீட்டர் தள்ளி உன் செஷல்ஸ்ல இருக்குற சூகுளோசிடே குடும்பம். தவளை பொதுவா உப்புத்தண்ணி தாண்டாது. அப்போ எப்டி? இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமா இருந்து 6.5 கோடி வருஷம் வாக்குல பிரிஞ்சது, இதுங்க ரெண்டு பக்கமும் தங்கிடுச்சு, அவ்ளோதான்.

நம்மூர் பக்கத்துல இருக்குறது தனி இனம்னு 2017ல சொன்னாங்க, நாசிகாபட்ராகஸ் பூபதி. 2014ல அகத்தியமலைல ஃபீல்டு வேலைல இருக்கும்போது தவறிப்போன ஊர்வன ஆராய்ச்சியாளர், கோயம்புத்தூர் பூபதி சார் ஞாபகமா வச்ச பேரு. கேரளாக்காரது கோடைமழை, இடவப்பாதி (அதான் தென்மேற்குப் பருவமழை) ஆரம்பத்துல முட்டை போடும், நம்மளது வடகிழக்குப் பருவமழைக்கு. ஒரே மலை, ரெண்டு சரிவு, ரெண்டு மழை, அதுக்கு ஏத்த ரெண்டு தவளை, எனக்கு இத நெனச்சா புல்லரிக்குது.

2006ல ஒரு பெரிய ஆய்வுல நம்ம குடும்பத்தக் கலைச்சு செஷல்ஸ் குடும்பத்துக்குள்ளயே சேத்துட்டாங்க, அப்புறம் மறுபடி பிரிச்சாங்க. பிரிச்சதுதான் சரின்னு நான் சொல்லுவேன். இங்க உள்ளதுக்கு ஓடத்தண்ணி இல்லேன்னா பிள்ளையே பிழைக்காது. அங்க உள்ளது நாலே இனம், தெரிஞ்ச வரைக்கும் முட்டைய ஓடைல இல்லாம ஈரத் தரைலதான் போடும். ஒண்ணுல தாய் முட்டைக்குக் காவல் இருந்து தலப்பிரட்டைங்கள முதுகுல ஏத்திக்கிட்டே திரியும், வேற ரெண்டுல தலப்பிரட்டைங்கிற கட்டமே இல்ல, முட்டைலேர்ந்து நேரா குட்டித் தவளை. கார்டினர் தவளைனு ஒண்ணு, வளந்ததே 11 மில்லிமீட்டர்தான், நடுச்செவி கிடையாது, வாய்க்குள்ள சத்தம் அதிர்ந்துதான் கேக்குதுன்னு 2013ல கண்டுபிடிச்சாங்க. இவ்ளோ மாறிப்போனத எப்டிடா ஒரே வீட்ல வைக்கிறது?

ஆனா மாப்ள, எனக்கு பயமா இருக்கு. கேரளாக்காரதுக்கு வாலு போயி கரை ஏற கிட்டத்தட்ட 100 நாள் ஆகுது. அத்தன நாளும் ஓடை ஓடணும். போன தடவ மழை ரெண்டு நாள் கொட்டிட்டு அப்டியே நின்னுச்சு, நாங்க பாத்த பாறைலயே ஒரு ஓரம் காஞ்சு, பாசி உரிஞ்சு தொங்குது. இதுல தடுப்பணை கட்டுறது வேற, கேரளா பக்கம் சில இடத்துல தலப்பிரட்டைய அள்ளிச் சமைக்கிறதும் உண்டு. காலங்காலமா தின்னவங்கள நான் குத்தம் சொல்லமாட்டேன், ஆனா தண்ணிய மறிக்கிறவங்கள சும்மா விடக்கூடாது. ஒரு இனத்துக்கு அண்ணன் தம்பி வேற இருந்தா இது போனா அது இருக்குன்னு சொல்லலாம். இந்தக் குடும்பத்துல மொத்தமே ரெண்டு இனம்டா. உன் பக்கமும் அதே கததான், ஈரம் நிக்கிற மலைக்காட்டுலதான் அதுங்களுக்குப் பொழப்பு, வெக்கை ஏறினா அதுக்கு மேல ஏற மலை இல்ல.

அதனால நீ செய்ய வேண்டியது ஒண்ணு. சான் சூசி ரோட்டுல டீ ஃபேக்டரி தாண்டினா மோர்ன் பிளாங்க் ஏறுற பாதை இருக்கு. மழை விட்ட நேரமாப் பாத்து ஏறு. நடக்கும்போது பேசாத, மேல போயி சும்மா உக்காரு, சருகுக்குள்ளேர்ந்து பூச்சி மாதிரி சன்னமா ஒரு கீச்சு வரும், போன்ல ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்பு. எதையும் தொடாத, கல்லப் பொரட்டாத. செருப்போட ஏறிராத, ஷூ போட்டுக்க, கல்லூரி டூர்ல வழுக்கி விழுந்தது ஞாபகம் இருக்குல்ல, திரும்பத் தூக்க அங்க ஆளு இல்ல.

மாத்திரை அம்மாகிட்ட குடுத்தாச்சு, காசு இப்ப அனுப்பாத. டிக்கெட் தேதி முடிவானா சொல்லு, மதுரைக்கு நான் வண்டி எடுத்துட்டு வர்றேன், ஆனா ரெக்கார்டிங் முதல்ல.

உன்
பங்காளி