மீன்தொட்டிச் செடியை ஏரியில் கொட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மீன்தொட்டியில் உயிர்ச்செடி வைப்பதற்கு வரும் குறிப்புகள் பெரும்பாலும் சமவெளி வெயிலுக்கு எழுதியவை. கொடைக்கானல் குளிரில் ஹீட்டர் வாங்காமல் தங்கமீன் வைப்பவர்கள்தான் அதிகம், அதுவோ மெல்லிய செடி எதைப் போட்டாலும் மேய்ந்துவிடும். அதனால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஜாவா ஃபெர்ன், அனூபியாஸ் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். இலை தடிமன், மீன் அவ்வளவாகத் தொடாது. கடையில் கொடுத்ததை அப்படியே மணலில் புதைப்பதுதான் பலர் செய்வது. வேர் புறப்படுகிற அந்தத் தடித்த கிழங்குத் தண்டு மண்ணுக்குள் போனால் அழுகிவிடும், தையல் நூலால் கல்லிலோ மரக்கட்டையிலோ கட்டினால் போதும், வேர் தானே பிடித்துக்கொள்ளும். விளக்கு தினம் ஆறேழு மணி நேரம் எரிந்தால் சரி, அதற்கு மேல் எரியவிட்டால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

அப்புறம், வளர்ந்து மிஞ்சியதை 1863-ல் அணை கட்டி உருவாக்கிய நம் ஏரியிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை தமிழ்நாட்டுக் குளங்களை மூடிக் கிடப்பதைப் பார்க்கிறோமே! வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். செடி விற்கும் கடைக்காரர்களும் இதை வாயால் சொல்லியே விற்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கொடைக்கானல்