ரெண்டு அலி

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனைப் பட்டென்று வைத்துவிட்டாய். "ஒன்பது வயசுப் பையன்கிட்ட போய் இப்படி மல்லுக்கட்டுறீங்களேப்பா" என்று நீ சொன்னது மட்டும் காதிலேயே நிற்கிறது. நான் மல்லுக்கட்டவில்லை. அவன் கேட்டான், சொன்னேன். பாதியில் நின்ற பேச்சு தொண்டையில் மீன்முள் மாதிரி குத்துகிறது, அதனால்தான் இந்தக் காகிதம். உன் அம்மா போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். கையெழுத்து புரியாத இடத்தில் அவளையே கேள். 38 வருஷமாகப் படித்துப் பழகியவள்.

நீ அடுப்படியில் இருந்தாய், முழுசாகக் கேட்டிருக்க மாட்டாய். குட்டிதான் ஆரம்பித்தான். "உலகத்துலயே ரொம்ப ஃபேமஸ் யாரு தாத்தா? ஒரு பேருதான் சொல்லணும்." நான் யோசிக்கவே இல்லை, முகமது அலி என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "எங்க கிளாஸ்ல ரெண்டு அலி இருக்காங்க. நீங்க எந்த அலியைச் சொல்றீங்க?"

நீ சிரித்த சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

அவன் கட்சி ரொனால்டோ. இன்ஸ்டாகிராமில் 60 கோடிக்கு மேல் ஆட்கள் பின்னால் வருகிறார்களாம், உலகத்தில் வேறு எந்த மனுஷனுக்கும் அவ்வளவு இல்லையாம். சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 60 கோடி பேரும் தாமாகத் தேடிப்போய் பொத்தானை அழுத்தியவர்கள். கோயிலுக்குள் உட்கார்ந்திருப்பவனிடம் போய் சாமி தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்றுதான் சொல்வான். பந்தையே தொடாதவன், ஸ்மார்ட்போன் இல்லாதவன், அவன் வாயில் அந்தப் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். என் கணக்கு அது. குட்டியிடம் இதைச் சொல்வதற்குள்தான் நீ வைத்துவிட்டாய்.

1974-இல் எனக்குப் பதிமூன்று வயது. நம் ராயபுரத்துச் சலூனில் கண்ணாடிக்குப் பக்கத்தில் பேப்பரில் வெட்டி ஒட்டிய அலி படம் இருக்கும். நம் பக்கம் பாக்ஸிங் ஊறின பக்கம், சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை சொல்லி அடித்துக்கொண்ட இடம், அதனால் ஒட்டினார்கள் என்று நீ சொல்லலாம். ஆனால் சலூன்காரருக்குக் குத்துச்சண்டையே பிடிக்காது. "பட்டாளத்துக்கு வரமாட்டேன்னு அமெரிக்காக்காரன் மூஞ்சியிலயே சொன்னான் பாரு, அதுக்காகத்தான் ஒட்டினேன்" என்பார். வியட்நாமுக்குப் போக மாட்டேன் என்று அலி சொன்னது 1967-இல். பட்டத்தைப் பிடுங்கினார்கள், மூன்றரை வருஷம் மேடையேற விடவில்லை. நல்ல வயசு அத்தனையும் அதில் போயிற்று. 1971-இல் அங்கே சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1974 அக்டோபரில் ஆப்பிரிக்காவில் அப்போது ஜயர் என்றிருந்த நாட்டின் தலைநகர் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாவது ரவுண்டில் சாய்த்தார். அமெரிக்காவில் ராத்திரி சௌகரியமாகப் பார்க்க வேண்டும் என்று அங்கே விடியற்காலை நாலு மணிக்குச் சண்டையை வைத்தார்கள். அந்த நேரத்திலும் மைதானம் முழுக்கக் கூட்டம், "அலி, பொமாயே" என்று அவர்கள் பாஷையில் கத்தியது. அடித்துக் கொல்லு என்று அர்த்தமாம். ஃபோர்மனும் கறுப்பர்தான், அவருக்காக ஏன் ஒருத்தனும் கத்தவில்லை? சலூன்காரர் சொன்ன காரணம்தான் என்று நினைக்கிறேன்.

இதுவரைக்கும் நான்தான் ஜெயிக்கிறேன். இனிமேல் சொல்வது எனக்கு எதிரான சாட்சி. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

1980 தொடக்கத்தில் அலி மெட்ராஸுக்கே வந்தார். நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை. எதிராளி ஜிம்மி எல்லிஸ், இருவரும் லூயிவில் என்ற ஒரே ஊர், சின்ன வயசிலிருந்து சேர்ந்து குத்திப் பழகியவர்கள். எல்லிஸும் ஒரு காலத்தில் உலகப் பட்டம் வைத்திருந்தவர்தான். அவர் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது? சித்தப்பா எங்கிருந்தோ இரண்டு டிக்கெட் தேற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து அலி என் கட்டைவிரல் அளவுதான் தெரிந்தார். 38 வயசு, வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. ஆனால் கால் மட்டும் தரையில் நிற்கவில்லை. சித்தப்பா அழுதார். குடித்திருந்தார் என்பதும் உண்மை.

அப்போது வேர்க்கடலை விற்கிற பெரியவர் ஒருத்தர் எங்கள் வரிசைக்கு வந்தார். கூடையில் கடலைக்கு நடுவில் தணல் போட்ட சின்ன மண்சட்டி, காதுக்குப் பின்னால் பென்சில். எனக்குப் பொட்டலம் மடித்துக்கொண்டே மேடையை ஒரு தரம் பார்த்தார். "யாருப்பா அந்த ஆளு? இம்மாங் கூட்டம்?" என்றார். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. உலகத்துக்கே தெரிந்த ஆள், அலிய்யா, அலி, என்று கத்தினார். பெரியவர் அசையவில்லை. "வாத்தியார் வந்திருக்காருன்னாங்களே, அவரு எந்தப் பக்கம் குந்தினுக்கீறாரு?" என்று கேட்டார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அன்று வந்திருந்தார். நான் கையைக் காட்டினேன். பெரியவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். மேடைக்கு முதுகைக் காட்டியபடி.

இதைச் சொன்னால் குட்டி துள்ளுவான். சொல்லிக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் கேள். அதே நேரம்தான் ரஷ்யா ஆப்கானிஸ்தானுக்குள் படையோடு போயிருந்தது. மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்கு யாரும் போகக்கூடாது என்று அமெரிக்க அதிபர் கார்ட்டர் எல்லா நாடுகளையும் திரட்டிக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்காவுக்கு யாரை அனுப்புவது? அலி நம் நாட்டில் இருந்தபோதே அழைப்பு வந்தது. பிப்ரவரியில் தான்சானியாவில் போய் இறங்கினார். அந்த நாட்டு அதிபர் ஜூலியஸ் நியரெரே பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டார். நாட்டு விவகாரம் பேச ஒரு விளையாட்டுக்காரரை அனுப்புவதா என்று அவருக்குக் கோபம். பத்திரிகைக்காரர்களோ, 1976-இல் தென்னாப்பிரிக்க நிறவெறிக்காக நாங்கள் மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸைப் புறக்கணித்தபோது உங்கள் நாடு எங்கே போயிருந்தது என்று மடக்கினார்கள். அலியிடம் பதில் இல்லை. இப்படி மாட்டிவிட்டார்களே என்று கார்ட்டர் மேலேயே அவருக்கு வருத்தம். ஊருக்கெல்லாம் தெரிந்த முகம் என்பதற்காகவே அனுப்பினார்கள், அந்த முகத்துக்குத்தான் கதவு சாத்தியது. எனக்கு அதில் இன்னும் ஒரு வலி உண்டு, ஏனென்று கேட்காதே.

நான் எழுதுவதை உன் அம்மா தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். "ரெண்டு பேரும் வேலையத்தவங்க. தினம் கையில எடுக்கிறோமே, நோட்டுல சிரிச்சுக்கிட்டு இருக்கிறவரு, அவரை விடவா?" என்கிறாள். 140 கோடி பேர் ஊரில் இது பலமான வாதம்தான். ஆனால் காந்தி கதையே என் கட்சிக்கு உதவும் என்று அவளிடம் சொன்னேன். 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக அவர் லண்டனில் இருந்தபோது சார்லி சாப்ளின் பார்க்க விரும்பினார். அன்றைக்கு உலகத்தில் சாப்ளினைவிடத் தெரிந்த முகம் வேறு இருந்திருக்குமா? பேச்சே இல்லாத படம், எந்த ஊரானுக்கும் மொழி தடையில்லை, மீசையும் தொப்பியும் தடியும் போதும். ஆனால் காந்தி அவருடைய படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அவர் யார் என்று மற்றவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சரி என்றார். கேனிங் டவுன் என்ற ஏழைத் தெருக்கள் நிறைந்த பகுதியில் ஒரு இந்திய டாக்டர் வீட்டில் சந்திப்பு. வெளியே தெரு கொள்ளாத கூட்டம். இயந்திரங்கள் மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு என்று சாப்ளின் கேட்டார், இங்கிலாந்துச் சரக்கை நம்பியிருக்கும் வரைக்கும் விடுதலை ஏது என்கிற மாதிரி காந்தி விளக்கினார். பிறகு பிரார்த்தனை நேரம் வந்தது. காந்தியும் கூட இருந்தவர்களும் தரையில் சம்மணமிட்டு உட்கார, சாப்ளின் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த அறையைப் பார்க்க ஆசை. அந்தக் கடலைக்காரரும் காந்தியும் ஒரே கட்சி என்பது உன் அம்மா சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

ஹாலிவுட்டில் நடைபாதை முழுக்க நட்சத்திரம் பதித்து அதில் பெரிய ஆட்கள் பெயரை எழுதுகிறார்களே, அலிக்கும் கொடுத்தார்கள். முகமது என்ற பெயரை யாரும் மிதிக்கக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதால் அவருடையதை மட்டும் சுவரில் பதித்திருக்கிறார்கள். குட்டியிடம் இதையாவது சொல். அவன் வகுப்பு அலிகள் இரண்டு பேருக்கும் இது தெரியுமா என்று கேட்டு வரச் சொல்.

1996 ஜூலை உனக்கு நினைவில்லை. சனிக்கிழமை காலை, உனக்கு ஏழு வயது, என் பக்கத்தில் உட்கார்ந்து தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாய். டிவியில் அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் தொடக்க விழா. தீபத்தை யார் ஏற்றப்போகிறார்கள் என்பதை ரகசியமாக வைத்திருந்தார்கள். இருட்டிலிருந்து அலி வந்து நின்றார். வெள்ளை உடை, வலது கையில் பந்தம், இடது கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பார்க்கின்சன் வந்து அப்போதே பல வருஷம். அந்தப் பந்தத்தால் தீபத்தைப் பற்றவைக்க அவர் குனிந்தபோது எனக்கு மூச்சே வரவில்லை. நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "அந்த மாமாவுக்குக் குளிருதாப்பா?" என்றாய்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் காட்சி யூடியூபில் கிடைக்கும். குட்டியை உட்கார வைத்துக் காட்டு. பெயரைச் சொல்லாதே, நான் சொன்னேன் என்றும் சொல்லாதே. அவன் என்ன கேட்கிறான் என்று மட்டும் எனக்கு எழுது.

அப்பா